நடுவில் நின்ற முள்

தெய்வசிகாமணியின் கார் தன் பட்டறை வாசலில் வந்து நிற்கும் என்று இளவழகன் கனவில்கூட நினைத்ததில்லை. அந்த ஆளை வழியில் பார்த்தால் எச்சிலைக் கூட்டித் துப்பிவிட்டு மறுபக்கம் திரும்பிப் போகிறவன் அவன். அப்படிப்பட்டவனைத் தேடி, வெள்ளைச் சட்டையும் பையில் பேனாவுமாக, மகன் பிரவின்குமாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தன் பழைய டீசல் காரை ஓட்டியபடி மனிதர் வடக்குத்து ஊருக்கே வந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல்தான் வந்தார். காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சாமி வந்ததுபோல ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் ஓடியதும் சிவப்புக்குத் தாவும். பதறிப்போய் ஓரங்கட்டினால் ஒன்றும் நடக்காததுபோல இறங்கிவிடும். டவுன்ஷிப்பில் ஒருவர் ரேடியேட்டரை மாற்றினார். மந்தாரக்குப்பத்தில் ஒருவர் வாட்டர் பம்பை மாற்றினார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். முள் சொல்வது நிஜமா பொய்யா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் எல்லோரும் கையை விரித்துவிட்டு, சென்சார் சமாச்சாரமென்றால் இளவழகனிடம் போங்கள் என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரவின்குமாருக்குச் சேலத்தில் நிச்சயதார்த்தம். தன் காரில்தான் போய் இறங்க வேண்டும் என்று அப்பனுக்குப் பிடிவாதம்.

காரிலிருந்து இறங்கியவர் நலம் விசாரிக்கவில்லை. பட்டறையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெருந்தன்மை சொட்டச் சொட்ட வாயைத் திறந்தார்.

"பழசெல்லாம் மனசுல வச்சிக்கினு இருக்காதப்பா. நான் உன்ன மன்னிச்சி எவ்ளோ நாளாச்சி."

மன்னித்தாராம்! இளவழகனுக்கு உள்ளங்காலில் பற்றியது உச்சந்தலை வரை ஏறியது. கையிலிருந்த ஸ்பானரை மேசைமேல் மெதுவாக வைத்தான். மெதுவாக வைக்காவிட்டால் அது வேறெங்காவது போயிருக்கும். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், நாளை மறுநாள் மதியம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னான்.

யார் யாரை மன்னிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நிலக்கரிச் சுரங்கத்து மைன்ஸ் ரோட்டில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற டேங்கர் லாரிகளை ஒரு கான்ட்ராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பட்டறையில் தெய்வசிகாமணி சூப்பர்வைசர். இளவழகன் எலக்ட்ரீஷியன். ஒரு டேங்கரில் சூட்டை அளக்கிற சென்சார் செத்துப்போனது. புதுசு வரும்வரை வண்டியை நிறுத்தினால் சூப்பர்வைசர் மேலே பதில் சொல்ல வேண்டும். எனவே இளவழகன் லீவில் இருந்த நாளில் தெய்வசிகாமணி சென்சாருக்குப் போகும் வயரைப் பிடுங்கி, அதன் நுனியில் ஒரு ரெசிஸ்டரைக் கட்டி, மறுமுனையை இன்ஜின் பாடியில் முறுக்கிவிட்டார். ரெசிஸ்டர் என்பது மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற சின்னத் துண்டு, ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. அதைக் கட்டிவிட்டால் இன்ஜின் ஜில்லென்று கிடந்தாலும் முள் நடுவில் நிற்கும், கொதித்துக்கொண்டிருந்தாலும் நடுவிலேயே நிற்கும். டிரைவர் அதைப் பார்த்து எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நம்பி ஓட்டிக்கொண்டே இருப்பான்.

அப்படி நம்பி ஓட்டியவன் தனகோட்டி. நட்டநடு மைன்ஸ் ரோட்டில் வண்டி முக்கி முனகி நின்றது. இறங்குவதற்கு முன்னால் முள்ளைப் பார்த்தான். நடுவில் இருந்தது. சூடில்லை என்று ரேடியேட்டர் மூடியைத் திருகினான். கொதிநீர் பீய்ச்சி அடித்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் பிழைத்தது. கழுத்தும் தோளும் முதுகும் வெந்துபோயின.

ரெசிஸ்டரை எடுத்துக் கொடுத்த ஸ்டோர்காரன் இசக்கிமுத்து, யார் கேட்டு வாங்கினார் என்று இளவழகனிடம் தனியாகச் சொல்லி அழுதான். விசாரணையில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டான். தெய்வசிகாமணியோ தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. ரெசிஸ்டர் என்றால் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தனக்குத் தெரியாது, நட்டு போல்ட்டுதான் தன் வேலை, வயர் வேலை முழுக்க இளவழகனுடையது என்றார். கட்டுப்போட்ட உடம்போடு தனகோட்டி எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இளவழகனுக்கு வேலை போனது. போகட்டும். அவனுக்குக் கை இருக்கிறது, பிழைத்துக்கொண்டான். ஆனால் தனகோட்டி யாரோ எவனோ இல்லை, இளவழகனின் மனைவி வெண்மதிக்குக் கூடப்பிறந்த அண்ணன். என்னை வேகவைத்தவன் வீட்டில் சோறு தின்கிறவள் எனக்குத் தங்கச்சி இல்லை என்று ஒரே பேச்சில் அறுத்துவிட்டான். இத்தனைக்கும் இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. இப்போது ஒரு செங்கல் சூளையில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறான். தினமும் மதியம் பட்டறைக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கு வருவான். வந்து, பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். காலருக்கு மேலே சுருங்கிப்போன தோல் பளபளவென்று தெரியும். உட்கார வேறு கடையா இல்லை? இளவழகன் தினமும் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே வந்து உட்காருகிறான். இளவழகனும் தினமும் பார்த்தான். பார்க்கப் பார்க்க தெய்வசிகாமணியின் மேல் இருந்த வெறி அவனுக்குள் முற்றிக்கொண்டே வந்தது.

கார் உள்ளே வந்ததும் முதலில் வேலையைத்தான் பார்த்தான். கோபம் வேறு, வேலை வேறு. இன்ஜினை ஓடவிட்டு முள் சிவப்புக்குத் தாவுகிறவரை காத்திருந்தான். தாவியதும் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தான். வழக்கமான சூடுதான். ஒரு துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் வைத்திருக்கிறான், அதைக் காட்டிப் பார்த்தான். அதுவும் இன்ஜின் ஒழுங்காக இருக்கிறது என்றது. ஆக, முள் புளுகுகிறது. புளுகுவது முள்ளா, வயரா, சென்சாரா என்பதுதான் கேள்வி. சென்சாரிலிருந்து வயரைப் பிடுங்கினான். முள் பொத்தென்று கீழே விழுந்தது. வயரின் நுனியை இன்ஜின் பாடியில் தொட்டான். முள் உச்சிக்குப் போனது. முள்ளும் வயரும் யோக்கியம்தான். மிச்சம் இருப்பது சென்சார்.

அதைக் கழற்றி, ஒரு அலுமினியக் குண்டானில் தண்ணீர் வைத்து, சென்சாரின் முனை நனையும்படி தொங்கவிட்டு அடுப்பை மூட்டினான். மின்தடை அளக்கிற மீட்டரின் இரண்டு வயரையும் சென்சாரில் மாட்டினான். தண்ணீர் சூடேறச் சூடேற மீட்டரில் எண் படிப்படியாக இறங்க வேண்டும். நல்ல பிள்ளையாக இறங்கிக்கொண்டே வந்தது. குமிழி வரத் தொடங்குகிற நேரத்தில் திடீரென்று அதல பாதாளத்துக்கு விழுந்தது, உடனே மேலே ஏறியது, மறுபடி விழுந்தது. இந்தச் சின்னக் கழிசடைக்காக மூன்று மெக்கானிக்குகள் பாதிக் காரை மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. இன்ஜினுக்குப் பின்பக்கம், சட்டென்று பார்வைக்குத் தெரியாத இடத்தில், ஒரு ஹோஸ் கசிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பண்ருட்டிக்கு ஆள் அனுப்பிப் புது சென்சார் வாங்கி வந்தாயிற்று. டப்பாவைப் பிரித்தவன் அதை மாட்டப் போகவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கசிகிற ஹோஸை அப்படியே விட்டுவிட்டு, சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டரைக் கட்டிவிட்டால் போதும். சேலம் போவதற்குள் தண்ணீர் வற்றிவிடும். முள் நடுவில் நிற்கும். தெய்வசிகாமணி மகனின் நிச்சயதார்த்தக் கனவில் மிதித்துக்கொண்டு போவார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனையை வாங்கி அனுபவித்தாகிவிட்டது. இனி அந்தக் குற்றத்தைச் செய்தால்தான் என்ன? யாராவது இன்னொரு தடவையா தண்டிக்கப் போகிறார்கள்? காரில் பெண்டு பிள்ளைகள் இருப்பார்களே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அவன் அதை உள்ளே விடவில்லை.

ஓட்டையை அடைக்கப் பழைய சென்சாரையே திரும்பத் திருகிவிட்டு, வயரில் ரெசிஸ்டரைக் கட்டினான். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் செய்யவில்லை. இன்ஜின் ஆறி ஜில்லென்று கிடந்தது. முள் மெல்ல எழுந்து, பாதி தூரம் வந்து, ஆணி அடித்ததுபோல நின்றது.

பார்த்ததும் அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆறின இன்ஜினில் முள் எழவே கூடாது. விவரம் தெரியாதவன் இதைக் கவனிக்கமாட்டான், முள் நடுவில் இருக்கிறது என்று சந்தோஷமாகப் போய்விடுவான். ஆனால் இந்த வேலையைத் தன் கையால் செய்தவனுக்குச் சாவியைத் திருப்பின உடனே தெரிந்துவிடும். தெய்வசிகாமணிக்குத் தெரிந்துவிடும். போச்சு, எல்லாம் வீண் என்று ரெசிஸ்டரை அறுக்கக் குறடை எடுத்தான்.

எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தெரிந்துவிடும். தெரிந்தால் கத்துவார். எதைச் சொல்லிக் கத்துவார்? ரெசிஸ்டர் என்றால் கறுப்பா சிவப்பா என்று தெரியாத மனிதர் எதைச் சொல்லிக் கத்த முடியும்? நினைக்க நினைக்க அவனுக்குச் சிரிப்பு வந்தது. நடுரோட்டில் ஒரு இன்ஜின் எரிவதில் என்ன இருக்கிறது? இது அதைவிடப் பெரிய நெருப்பு.

அன்று இராத்திரி சாப்பிடும்போது வெண்மதியிடம் தன் திட்டத்தைச் சொன்னான். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டாள். அந்த ஆள் சொல்கிற வார்த்தை எதிர் டீக்கடை வரைக்கும் கேட்குமா என்று மட்டும் கேட்டாள். கேட்கும்படி செய்கிறேன் என்றான். அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. டீக்கடையில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் பழைய கான்ட்ராக்ட் ஆட்கள், அந்த டேங்கரைத் தெரிந்தவர்கள். தனகோட்டி வழக்கமான பெஞ்சில் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இளவழகன் காரைக் காலையிலேயே ரோட்டோரம் கொண்டுவந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மரநிழலில் நிறுத்தியிருந்தான். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யவே இல்லை.

தெய்வசிகாமணி மகனோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். சரியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, உட்கார்ந்து சாவியைப் போட்டு நீங்களே பாருங்கள் என்று இளவழகன் பணிவாகச் சொன்னான். அவர் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். முள் எழுந்து நடுவில் நின்றது.

பிரவின்குமார் எட்டிப் பார்த்துவிட்டு, முள் நன்றாகத்தானே நிற்கிறது என்றான். தெய்வசிகாமணி முள்ளையே உற்றுப் பார்த்தார். சாவியை அணைத்தார். மறுபடி திருப்பினார். மறுபடியும் நடுவு. கதவைத் திறந்துகொண்டு இறங்கியபோது அவர் முகம் கறுத்திருந்தது. அந்தக் காலத்துச் சூப்பர்வைசர் குரல் தானாக வெளியே வந்தது.

"என்னாடா பண்ணி வச்சிருக்கே? இன்ஜினு ஜில்லுன்னு கெடக்குது, முள்ளு எப்பிடிடா நடுவுக்கு வரும்? ரெசிஸ்டரக் கட்டி வுட்டுட்டு என்னயே ஏமாத்தப் பாக்கறியா?"

டீக்கடையில் தலைகள் திரும்பின. இளவழகன் தலையைச் சொறிந்தான். எதுவும் தெரியாதவன் முகத்தை வைத்துக்கொள்ள அவன் முந்தின இராத்திரி முழுக்கப் பழகியிருந்தான்.

"ரெசிஸ்டரா? அப்பிடின்னா என்னாங்க சார்?"

"யார்கிட்டடா நடிக்கிறே? சென்சார் வயரப் புடுங்கி அதுல கட்டி பாடியில முறுக்கி வுட்டா முள்ளு அசையாது. வண்டியே எரிஞ்சாலும் அசையாது. எனக்கே கத்துக்குடுக்கறியா? நான் பண்ணாத வேலையாடா இது?"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த மனிதருக்குத் தன் குரல் தன் காதில் விழுந்தது. சுற்றிப் பார்த்தார். டீ கிளாஸோடு நிற்கிற முகங்களில் பாதி அவருக்குத் தெரிந்த முகங்கள். ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருடம் இளவழகன் இராத்திரி பகலாக ஏங்கியது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். வயிறு நிறைந்ததுபோல இருந்தது அவனுக்கு.

தனகோட்டி எழுந்து வந்தான். தெய்வசிகாமணியை லேசாக ஒதுக்கிவிட்டுத் தானே உள்ளே உட்கார்ந்து காரை ஸ்டார்ட் செய்தான். ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். தெய்வசிகாமணி நகரப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தள்ளிக்கொள்ளவில்லை. யாரும் அவரைத் தொடவும் இல்லை. இன்ஜின் சூடேறுகிறவரை எல்லோரும் சும்மா நின்றார்கள். அவர் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. ஃபேன் ஓடத் தொடங்கியது. பின்பக்கத்து ஹோஸிலிருந்து ஆவி கிளம்பியது. தனகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பானட்டைத் தூக்கினான்.

"முள்ளு நடுவுலதான் நின்னுது சார். மூடியத் தொறங்க."

தெய்வசிகாமணி இரண்டடி பின்னால் போனார். தனகோட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுவந்து ரேடியேட்டர் மூடிக்கு மேலே நிறுத்தினான். மூடியைத் தொடவிடவில்லை. தொடாமல் ஒரு சாண் மேலே, அனல் அடிக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். இளவழகனால் ஒரு வார்த்தை சொல்லி அதைத் தடுத்திருக்க முடியும். அவன் சொல்லவில்லை.

தெய்வசிகாமணியின் வாய் கோணியது. "வண்டிய நிறுத்தக்கூடாதுன்னுதாம்பா கட்டினேன். இப்பிடி ஆவும்னு நான் நெனைக்கல" என்றார். கேட்டவர்களில் ஒருவன் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னான். சொன்னார். யார் கட்டியது என்று கேட்டான். நான்தான் என்றார். தனகோட்டி கையை விட்டான்.

பிரவின்குமார் அப்பாவைப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டான். இளவழகன் புது சென்சாரை டப்பாவோடு பின்சீட்டில் போட்டான். பின்பக்கத்து ஹோஸ் கசிகிறது, சேலத்துக்கு இதில் போகாதீர்கள், சென்சாரையும் புது ஹோஸையும் வேறு எங்காவது மாட்டிக்கொள்ளுங்கள், இந்த வண்டியை நான் இனித் தொடமாட்டேன் என்று பையனிடம் சொன்னான். இன்ஜின் ஆறியதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். பையன் ஓட்டினான், அப்பன் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்தது.

தனகோட்டி மட்டும் போகவில்லை. தயங்கித் தயங்கிப் பட்டறைக்குள் வந்தான்.

"ஏன் மாப்ள, அன்னிக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

இளவழகனுக்குள் அடங்கியிருந்தது மறுபடி குபீரென்று கிளம்பியது. அந்தச் சூப்பர்வைசரின் மேல் காட்டாத கோபம், இதற்கென்றே தனியாக எடுத்து வைத்திருந்த கோபம்.

"ஆஸ்பத்திரிக்கி வந்தேன் மச்சான். வார்டு வாசல்லயே செருப்பக் கழட்டிக் காட்டினீங்க. எங்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க. பேசறதுன்னா உங்க தங்கச்சி வூட்லதான் இருக்கா."

வீடு பட்டறைக்குப் பின்னால்தான். தனகோட்டி சந்து வழியாகப் போய் மூடியிருந்த கதவைத் தட்டினான். இளவழகன் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ரோட்டில் நடந்தது அத்தனையும் அவளுக்கு உள்ளே கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள்.

"யாரு?" என்று வெண்மதியின் குரல் வந்தது.

"நான்தாம்மா. அண்ணன்."

அவள் கதவுக்குப் பக்கத்திலிருந்தே பேசினாள். அழுகிற குரல் இல்லை.

"எங்க அம்மா செத்த அன்னிக்கி நான் பொழுது சாயற வரிக்கும் அந்த வூட்டுத் தெருவுல நின்னுக்கினு இருந்தேங்க. உள்ள வந்து மொகத்தப் பாருன்னு கூப்புட ஒரு அண்ணன் வரல. நீங்க எந்த அண்ணன்னு எனக்குத் தெரியலீங்க."

தனகோட்டி கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. வெண்மதி என்று கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டான். கடைசியில் வாசற்படிக்குக் கீழே, வெயிலில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் கதவைத் திறக்கவில்லை. இளவழகன் போய்த் திறந்துவிட்டிருக்கலாம், சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. அன்று தெருவில் நின்ற பொழுது அவளுடையது, கதவைத் திறப்பதும் அவள் பாடு என்று விட்டுவிட்டுப் பட்டறைக்குள் போய், காத்துக் கிடந்த வேறொரு வண்டியின் பானட்டைத் திறந்தான்.